இரண்டு புகைகள்: மூச்சிரைப்பின் சமூக வரலாறு குறித்து

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் மருத்துவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இழுப்பு, இரைப்பு, ஈளை, வீசிங் என்று நம் பேச்சில் பல பெயர்களில் புழங்கும் மூச்சு நோய்களைப் பொறுத்தவரை, அந்த வரலாற்றைப் புகையின் வரலாறாக எழுதிப் பார்த்தால் என்ன? தமிழ்நாட்டில் இரண்டு புகைகள் கிளம்பின. ஒன்று மருந்துப் புகை. அது கப்பலேறிப் போய் மருத்துவ ஏடுகளில் பதிவானது. மற்றது அடுப்புப் புகை. அது ஊதியவளின் நெஞ்சுக்குள்ளேயே தங்கிப்போனது. இவற்றில் எது அறிவாகக் கணக்கில் வந்தது, எது வராமல் போனது என்பதே இங்கு கேள்வி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்தாரே, அவரேதான். ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கச் சொல்லி அவர் சிபாரிசு செய்தார். ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி வழியாக 1802இல் இந்தச் சிகிச்சை பிரிட்டனுக்குப் போனது. 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் டாக்டர் சிம்ஸ் இதுபற்றி எழுதினார். அதன் பிறகு ஊமத்தை இனச் செடிகளைச் சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்'டுகள் ஐரோப்பா முழுவதும் விற்பனைக்கு வந்தன. நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் இவற்றைப் புகைத்தவர். ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் வகைப் பொருள் மூச்சுக்குழாய்த் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். அட்ரோப்பினை மாற்றியமைத்து 1970களில் வந்த மருந்துதான் இன்றும் இன்ஹேலரில் அடைத்துத் தரப்படும் இப்ராட்ரோப்பியம்.

ஆண்டர்சன், ஜென்ட், சிம்ஸ். மருத்துவ வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் இவைதாம். ஊமத்தையின் குணத்தைத் தலைமுறைகளாகச் சோதித்து அறிந்திருந்தவர்களுக்கு அந்தச் சங்கிலியில் பெயர் கிடையாது. இதைக் காலனியத்தின் களவு என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் 'எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு' என்று மார்தட்டுவதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஊமத்தை நஞ்சு, அளவு தப்பினால் ஆளைக் கொன்றுவிடும். பழம்பெருமை பேசுகிற சொல்லாடலும் சரி, காலனியச் சொல்லாடலும் சரி, மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன. நோயாளியின் மூச்சு எதனால் முட்டியது என்று கேட்பதில்லை.

இனி இரண்டாவது புகை. சாக்கோட்டையைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களுக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் வியந்து பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும்படி முற்றங்கள் உண்டு. அடுப்புகளோ பின்கட்டில். நகரத்தார் வழக்கப்படி கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்': ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல். திருமணமான ஒவ்வொரு ஆணும் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. ஒரு கூரைக்குக் கீழே எத்தனை புள்ளியோ அத்தனை அடுப்பு. புள்ளிக்குக் கணக்கு இருந்தது, வரி இருந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதியவளுக்கு எந்தப் பேரேட்டிலும் பற்று வரவு இல்லை. இது பெரிய வீட்டுக் கதை. சுற்றியுள்ள சேரிகளிலும் குடியானவர் தெருக்களிலும் பின்கட்டு ஏது? சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில். எரிப்பது சீமைக்கருவேல விறகு. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே அடுப்பூதும் பெண்ணோடு சேர்ந்து பிள்ளையும் புகை குடிக்கிறது.

இந்தப் புகை மருத்துவத்தின் கண்ணில் பட்டது எப்போது? 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் சூழ்ந்தது. அப்போது செத்தவர்கள் 4000 பேர் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்துவிட்டது. 1959இல் டாக்டர் பத்மாவதி டெல்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் பழுதான நோயாளிகள் அவர்கள். சிகரெட் பழக்கமே அரிதாயிருந்த பெண்களுக்கும் இந்நோய் நிறைய வந்திருந்தது. காரணங்களில் ஒன்றாக அவர் சுட்டியது சமையல் புகையை. செட்டிநாட்டு மூலதனம் போய்க் குவிந்த அதே பர்மாவில் 1917இல் பிறந்து, போரின்போது கோயம்புத்தூருக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண் அவர். 103 வயதில், 2020இல், கொரோனாவால் இறந்தார். அவர் எழுதியதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் வரவில்லை. லண்டன் புகை தெருவில் நின்றது, ஆண்களையும் கொன்றது, அரசியலானது. அடுப்புப் புகை வீட்டுக்குள் நின்றதால் 'குடும்ப விஷயம்' ஆகிவிட்டது.

மருத்துவப் பார்வை உடலை எப்படிப் பார்க்கப் பழகுகிறது என்று பூக்கோ விளக்கினார். அந்தப் பார்வைக்குள் நுழைய நோயாளிக்கு ஒரு அச்சு தேவைப்படுகிறது. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்குப் பாடப்புத்தகம் தந்த அச்சு, சிகரெட் பிடிக்கும் நடுவயது ஆண். 'பீடி, சிகரெட் உண்டா?' என்று டாக்டர் கேட்பார். 'அய்யோ, கிடையாதுங்க' என்பாள் பெண். சீட்டில் 'சளி' என்று எழுதப்படும். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, 30 வயதைக் கடந்த 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. நூற்றுக்கு 2.44 பேருக்கு இந்நோய் இருந்தது. நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது 3 ஆக உயர்ந்தது. 2016இல் இந்தியாவில் இந்நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 5.5 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் 3.8 கோடி என ஒரு தேசிய மதிப்பீடு சொல்கிறது.

பெயர்களைப் பிரித்தறிவது வாழ்வா சாவா என்கிற விஷயம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் அழன்று சுருங்குகிறது. சிகிச்சையில் பெரும்பாலும் விரிந்துகொடுக்கும். ஆண்டுக்கு மூன்று மாதம் என்று தொடர்ந்து இரண்டு ஆண்டு சளியோடு இருமினால் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. அடைப்பு நிலைத்துவிட்டால் முழுதாகத் திரும்பாது. எது எதுவென்று ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர்தான் காட்டும். 'பம்பு அடிச்சா பழகிப்போயிரும்' என்பது ஊர்ப்பேச்சு. சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது சிறிய மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். ஆஸ்துமாவுக்கு முட்டும்போது மட்டும் அடிக்கிற பம்பு போதாது. அழற்சியை ஆற்றும் ஸ்டீராய்டு பம்பைத் தொடர்ந்து இழுக்கவேண்டும். கல்யாணம் ஆகவேண்டிய பெண் பம்பை ஒளித்து வைக்கிறாள் என்றால், அவள் பயப்படுவது மருந்துக்கு இல்லை, வரப்போகிற மாமியாருக்கு.

அரசு கவனிக்கவே இல்லை என்று சொல்லமுடியாது. 2007 முதல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. ஆனால் கூலிவேலை இல்லாத மாதத்தில் சிலிண்டர் மூலைக்குப் போகிறது, கருவேலம் உள்ளே வருகிறது. 2010இல் தொடங்கிய தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் பெயரில் புற்று, சர்க்கரை, இதயம், பக்கவாதம் எல்லாம் இருந்தன, மூச்சு இல்லை. 2023இல்தான் அதன் விரிவாக்கத்தில் ஆஸ்துமாவும் அடைப்பு நோயும் சேர்ந்தன. இதற்கிடையில் சாக்கோட்டையை ஒட்டிய புதுவயலில் அரிசி ஆலைகள் பெருகியிருக்கின்றன. நெல் அவிக்க உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. அடுப்படியில் ஊதியவளே பகலில் ஆலையில் கூட்டிப் பெருக்கவும் போகிறாள்.

ஆகவே நமது கோரிக்கைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கவேண்டும். ஸ்பைரோமீட்டரும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். மாத்திரை போலவே பம்பும் மாதம் தவறாமல் இலவசமாகக் கிடைக்கவேண்டும். ஆலைச் சாம்பலை அளக்கிற கருவி ஆலை வாசலில் நிற்கவேண்டும். சிகரெட் பற்றிய கேள்விக்குக் கீழே இன்னொரு வரி அச்சாகவேண்டும்: 'எத்தனை வருசம் விறகடுப்பில் சமைச்சீங்க?' கோயில் கணக்கில் ஏறாதவள் நோயாளிச் சீட்டிலாவது முழுசாகப் பதிவாகட்டும்.