மேடையிலிருந்து திரைக்கு: ‘சபாபதி’ உணர்த்தும் உண்மை

தமிழ் நாடக வரலாறு எழுதப்படுகையில் புராணக் கதைகளுக்கும் துன்பியல் நாடகங்களுக்கும் கிடைக்கும் இடம் நகைச்சுவை நாடகங்களுக்குக் கிடைப்பதில்லை. வெறும் சிரிப்புக்குரியவை என அவை ஒதுக்கப்படுகின்றன. மேடையில் பிறந்து திரையிலும் நிலைபெற்ற ‘சபாபதி’ இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது.

இதனை இயற்றிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர். கூத்தாடிகளின் தொழிலென இழித்துரைக்கப்பட்ட நடிப்பினை வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் விரும்பி மேற்கொள்ளச் செய்தது அச்சபை. அத்தகைய கற்றோர் முன்னிலையில், செல்வமிருந்தும் கல்வி கைகூடாத இளைஞன் ஒருவனையே நகைப்புக்குரியவனாக நிறுத்தினார் ஆசிரியர்.

1941 இல் ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இதனைத் திரைப்படமாக்கினர். எசமான் சபாபதியாக டி. ஆர். இராமச்சந்திரனும், அதே பெயர் கொண்ட வேலைக்காரனாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். சோடாவை உடைத்துக் கொண்டுவரும்படி எசமான் பணிக்க, வேலைக்காரன் போத்தலையே உடைத்துவிடுகிறான். சொல்லின் வழக்குப் பொருளை விடுத்து நேர்ப்பொருளைப் பற்றிக்கொள்வதால் விளையும் நகை இது. நகைப்பின் ஊற்று மொழியிலேயே இருந்தமையால், மேடை மாறியும் அது வற்றவில்லை.

இதற்குச் சற்று முன்னர் ஹொலிவூட்டில் நிகழ்ந்தது வேறு. ஜோன் வில்லார்ட்டின் ‘த கற் அன்ட் த கனரி’ என்னும் மர்ம நாடகம் 1922 இல் நியூயோர்க்கில் அரங்கேறியது. 1927 இல் போல் லெனி அதனை மௌனப்படமாக்கினார். 1939 இல் வெளிவந்த படமோ பொப் ஹோப்பின் நகைச்சுவைப் பேச்சினை முதன்மைப்படுத்தியது. அச்சத்தை மறைக்கச் சிரிக்கும் மனிதன் அங்கே கதைத்தலைவனானான்.

‘சபாபதி’யில் மறைக்கப்படுவது அச்சமன்று, அறியாமையாகும். வேலைக்காரனின் பேதைமையைக் கண்டு சினக்கும் எசமானும் பாடத்தில் தேறாதவனே. இருவருக்கும் ஒரே பெயர் அமைந்தமை இவ்வகையிற் பொருள் பொதிந்ததாகும். கற்ற மனைவியின் துணையே அவனை உயர்த்துகிறது.

செல்வமும் பிறப்பும் அறிவைத் தந்துவிடா என்னும் உண்மையை, அவற்றால் உயர்ந்தோரும் சிரித்துக்கொண்டே கேட்கும்படி கூறிய நாடகம் இது. அச்சிரிப்புக்கும் நாடக வரலாற்றில் உரிய இடம் அளிக்கப்படுதல் வேண்டும்.