பெரிய கணினியைக் கற்ற வழிகள்: ஒரு சிறு வரலாறு

உலகின் பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றின் கணக்குகள் இன்றும் மெயின்பிரேம் என்னும் பெரிய கணினிகளில்தான் ஓடுகின்றன. அவற்றை இயக்கும் மென்பொருளின் வேர் 1960-களில் இருக்கிறது. அதை நன்கு அறிந்தவர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள். அந்த வித்தை அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதே ஒரு சுவையான வரலாறு.

1964 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதற்கு முன் சிறிய கணினியிலிருந்து பெரியதற்கு மாறினால் நிரல்களைப் பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டும். 360 வரிசையில் ஒரே நிரல் சிறியதிலும் ஓடும், பெரியதிலும் ஓடும். அதற்காக எழுதப்பட்ட இயக்குதளம் ஓஎஸ்/360. அதன் வழியில் 1974-ல் எம்விஎஸ் வந்தது. இன்று அதன் வாரிசுக்குப் பெயர் இசட்/ஓஎஸ்.

இதைக் கற்பவர் முதலில் சந்திப்பது ஜேசிஎல் என்னும் கட்டளை மொழி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வங்கியில் வேலை பார்த்த எனக்கு அது வவுச்சர் கட்டின் மேல் வைக்கும் சீட்டைப் போலத் தோன்றியது. 'ஜாப்' என்ற வரி, இது யாருடைய வேலை என்று சொல்லும். 'எக்ஸெக்' வரி, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று சொல்லும். 'டிடி' வரி, எந்தெந்த லெட்ஜரை எடுக்க வேண்டும், விடையை எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும். அன்று ஒவ்வொரு வரியும் 80 பத்திகள் கொண்ட ஒரு துளை அட்டை. அட்டை போய்விட்டது, அந்த 80 பத்திக் கணக்கு இன்னும் போகவில்லை.

தொடக்கத்தில் கணினியை வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ மென்பொருளும் பயிற்சியும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். 1969 ஜூனில் ஐபிஎம் இவற்றைப் பிரித்து, பயிற்சிக்கும் பல மென்பொருள்களுக்கும் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் இயக்குதளத்தின் அடிப்படைப் பகுதிக்கு மட்டும் அப்போதும் தனி விலை போடவில்லை. இந்தச் சிறு விலக்கு பிற்காலத்தில் பெரிய உதவியாக அமைந்தது.

ஏனென்றால், வெளியார் கற்க வழியே இல்லாதிருந்தது. கணினியின் விலை அப்படி. வீட்டில் வைத்துப் பழக முடியாது. வேலை கிடைத்தால் கற்கலாம், கற்றால்தான் வேலை என்ற நிலை. 1990-களின் பிற்பாதியில் சென்னையிலும் இந்தக் கதவு சற்றுத் திறந்தது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்களை 2000-க்குள் திருத்தியாக வேண்டும். பயிற்சி நிலையங்கள் ஜேசிஎல்லும் கோபோல் மொழியும் (நம் கோபால் அல்ல!) சொல்லிக் கொடுத்தன. அந்த வேலை முடிந்ததும் பலர் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள்.

இந்த நிலையை மாற்றியது ஹெர்குலிஸ் என்னும் மென்பொருள். 1999-ல் ரோஜர் பௌலர் என்பவர் தொடங்கிய இது, சாதாரணக் கணினியை மெயின்பிரேம் போல நடந்துகொள்ள வைக்கிறது. அதில் ஓட்ட இயக்குதளம் வேண்டுமே? அங்கேதான் அந்த விலக்கு கைகொடுத்தது. 1981-ல் வந்த எம்விஎஸ் 3.8ஜே விலையில்லாமல் வழங்கப்பட்டது என்பதால், ஆர்வலர்கள் அதை இன்றும் வீட்டில் ஓட்டிப் பழகுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து உடனே ஓடும்படி கட்டிய தொகுப்பு டிகே4-. பிட்சேவர்ஸ் என்னும் காப்பகத்தில் அக்காலக் கையேடுகள் பக்கம் பக்கமாக ஒளிவருடி வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இன்றைய இசட்/ஓஎஸ்ஸை இப்படி உரிமமின்றி ஓட்டக் கூடாது.

பழையதைக் கற்று என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2020 ஒரு பதில் சொன்னது. கொரோனாவில் வேலையிழந்தவர்கள் அமெரிக்காவில் உதவித்தொகைக்காகக் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் பில் மர்பி, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். தாமதத்துக்கு அந்த மொழி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாற்றம் செய்ய வேண்டிய நாளில் ஆள் இல்லையென்றால், காத்திருப்பது வீட்டு வாடகை கட்ட வேண்டிய சாமானியர்தான். அதே மாதம் ஐபிஎம்மும் ஓப்பன் மெயின்பிரேம் புராஜெக்ட் அமைப்பும் சேர்ந்து இலவச கோபோல் பாடத்தை வெளியிட்டன.

இன்று கற்க விரும்பும் மாணவர்கள் ஐபிஎம்மின் 'இசட் எக்ஸ்ப்ளோர்' திட்டத்தில் சேர்ந்தால், உண்மையான மெயின்பிரேமிலேயே தொலைவிலிருந்து கட்டணமின்றிப் பழகலாம். 'இன்ட்ரடக்‌ஷன் டு தி நியூ மெயின்பிரேம்: இசட்/ஓஎஸ் பேசிக்ஸ்' என்ற ஐபிஎம் நூலும் இலவசம். கணக்கறிவு உள்ள வணிகவியல் மாணவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. நாள்முடிவில் கணக்கு டேலி ஆக வேண்டும் என்ற அதே கவலைதான் இங்கும்.

நம் வளாகத்திலும் அந்த 2000-ஆம் ஆண்டுத் திருத்த வேலையைப் பார்த்தவர்கள் இருக்கலாம். கையேட்டில் இல்லாத பல விஷயங்கள் அவர்கள் நினைவில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச முன்வருவார்களானால், அதைவிட நல்ல பாடப்புத்தகம் வேறு கிடைக்காது.