யாருக்குப் பதக்கம் உண்டு? பரா ட்ரையத்லனின் சிறு வரலாறு

2016 செப்டெம்பர் 11. ரியோ பராலிம்பிக், கொப்பகபானா கடற்கரை. பார்வைக் குறைபாடுள்ள அவுஸ்திரேலிய வீராங்கனை கேட்டி கெலி தங்கம் வெல்கிறார். அவரோடு கயிற்றால் இணைந்து நீந்தி, ஓடி வந்த வழிகாட்டி மிஷெல்லி ஜோன்ஸ். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லன் முதன்முதலாக நடந்தபோது வெள்ளி வென்ற அதே ஜோன்ஸ்தான்.

750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். பரா ட்ரையத்லன் இவ்வளவுதான். பார்வைக் குறைபாடுள்ளவர்கள் இருவர் மிதிக்கும் சைக்கிளில் வழிகாட்டிக்குப் பின்னால் இருப்பார்கள். ஆனால் வழிகாட்டி அவர்களை இழுத்துக்கொண்டு ஓட ஏலாது. சக்கர நாற்காலிப் பிரிவினருக்குக் கையால் சுற்றும் சைக்கிள், பிறகு பந்தயச் சக்கர நாற்காலி. நீச்சல் உடுப்பைக் கழற்ற உதவியாளர் உண்டு, அதற்குப் போகும் நேரமும் கணக்கில் சேரும்.

எல்லாரும் ஒண்டாக வெளிக்கிட்டால்தானே நியாயம் என்று நாங்கள் நினைப்போம். இங்கே முற்றாகப் பார்வையில்லாதவர்கள் முதலில் வெளிக்கிடுவார்கள். ஓரளவு பார்வையுள்ளவர்கள் சில நிமிடம் பிந்தித்தான். பிறகு யார் முதலில் எல்லைக்கோட்டைக் கடக்கிறாரோ அவருக்கே தங்கம்.

இந்த நியாயம் போட்டிக்குள் வந்தவர்களுக்குத்தான். வெளியே நின்றவர்கள்?

ட்ரையத்லனைச் சேர்க்கும் முடிவை சர்வதேச பராலிம்பிக் குழு 2010இல் எடுத்தது. ரியோவில் பதக்கப் போட்டிகள் 6 மட்டுமே. கெலி வென்ற பிரிவு ஆண்களுக்கு இருக்கவில்லை. சக்கர நாற்காலிப் பிரிவு பெண்களுக்கு இருக்கவில்லை. இரண்டும் டோக்கியோவில்தான் வந்தன. அங்கே போட்டிகள் 8. நின்று ஓடும் பிரிவுகளில் கடுமையான குறைபாடுள்ளவர்களுக்கானது பி.டி.எஸ்.2. டோக்கியோவில் அது பெண்களுக்கு இருந்தது, ஆண்களுக்கு இல்லை. 2024இல் பாரிஸில் போட்டிகள் 11 ஆகின, ஆண்களுக்கும் அது கிடைத்தது. ஆனால் பெண்களின் பி.டி.எஸ்.3 அங்கேயும் இல்லை.

மாற்றுத்திறனாளி வீரர்களைப் பற்றிக் கதைக்கும்போது "தன்னம்பிக்கை இருந்தால் எதையும் வெல்லலாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பட்டியலில் தங்கள் பிரிவே இல்லாதவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவா? அவர்களும் அதே கடலில்தான் பயிற்சி எடுத்தார்கள். பதக்க மேடையைப் பார்த்துக் கைதட்டுவோம். கூடவே அந்தப் பட்டியலையும் ஒருக்கா வாசிப்போம்.