கொங்கு மண்டலத்து உணவுப் பொருளும் மாலத்தீவு விடுதிகளும்: ஓர் ஏற்றுமதிப் பாதையின் வரலாறு

தமிழகத்துக்கும் மாலத்தீவுக்கும் இடையிலான வணிகத்தைப் பற்றி எழுதுவோர் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாமக்கல், பல்லடம், தாராபுரம் வட்டாரங்களின் உணவுப் பொருள்கள் இன்று அத்தீவுகளின் சுற்றுலா விடுதிகளைச் சென்றடைவதற்கும் அந்த மெய்க்கீர்த்தி கூறும் கடற்படையெடுப்புக்கும் எவ்விதத் தொடர்ச்சியும் இல்லை. இவ்வணிகம் அண்மைக் காலத்தது. மாலத்தீவின் சுற்றுலா, இந்திய அரசின் ஒதுக்கீட்டு ஏற்பாடு, திருப்பூரைச் சுற்றிய தொழிற்பகுதியில் பழகிப்போன எண்ணி, தரம் பிரித்து, தேதி தவறாமல் அனுப்பும் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எதிர்பாராமல் சந்தித்த இடத்தில் அது உருவானது. யாரும் திட்டமிட்டு வகுக்காத பாதை என்பதாலேயே, முட்டை தடையின்றிக் கடல் கடக்க, அதே மண்ணில் அதைவிடப் பெருந்தொழிலாக நடக்கும் கறிக்கோழி கரையிலேயே நின்றுவிட, சின்ன வெங்காயம் ஆண்டுக்கு ஆண்டு டெல்லியின் ஆணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏறுமாறான நிலை இன்றும் நீடிக்கிறது.

பவளப் பாறைகளின் மேல் படிந்த மணல் திட்டுகளான மாலத்தீவில் நெல் விளைவதில்லை. தென்னை, மீன், சிறிதளவு கிழங்கு, பழம் ஆகியவற்றுக்கு மேல் அங்குள்ளோர் உண்பதெல்லாம் நூற்றாண்டுகளாகக் கடல்வழி வந்ததே. சோழியைக் கொடுத்து வங்கத்து அரிசியை வாங்கிய காலம் ஒன்றிருந்தது. பின்னர், சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசியைக் கொழும்பில் விற்று, அந்தப் பணத்தில் உணவு தானியம் வாங்கும் முறை நிலைபெற்றது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை தன் அன்னியச் செலாவணி நெருக்கடியால் மாசி இறக்குமதியைக் குறைத்தபோது, தீவினரின் உணவுக்கான வருவாயே ஆட்டம் கண்டது. சுற்றுலா அங்கு நுழைந்தது அந்த வேளையில்தான்.

1972-இல் இத்தாலியப் பயண முகவர் ஜார்ஜ் கோர்பின் அழைத்துவந்த சிறு குழுவுக்குப் பின், அதே ஆண்டு அக்டோபரில் குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்டது. ஹுல்ஹுலே தீவின் விமான நிலையம் 1981-இல் பன்னாட்டுத் தரத்துக்கு உயர்த்தப்பட்ட பிறகு ஐரோப்பாவிலிருந்து நேரடியாக விமானங்கள் வந்திறங்கின. 2024-இல் வந்தவர்களின் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது. ஆளில்லாத தீவு ஒன்றை முழுமையாக ஒரே விடுதிக்குக் குத்தகைக்கு விடுவது அந்நாடு கைக்கொண்ட முறையாகும். இதனால் ஒவ்வொரு விடுதியும் தனக்கான மின்சாரத்தையும் குடிநீரையும் தானே உண்டாக்கிக்கொண்டு, அரிசி முதல் கொத்தமல்லி வரை அனைத்தையும் தலைநகர் மாலேயிலிருந்து படகில் வரவழைக்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாத சமையலறையில், வரவேண்டிய நாளில் சரக்கு வராவிட்டால் அந்தப் பதார்த்தம் விருந்தினரின் மேசைக்கு வருவதில்லை.

இவ்விடுதிகளில் இரண்டு சமையலறைகள் உண்டு என்பதை ஏற்றுமதி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விருந்தினருக்கான சமையலறைக்கு ஆஸ்திரேலிய மாட்டிறைச்சியும் நார்வே சால்மன் மீனும் துபாய் வழியாக வரும் பழங்களும் போகின்றன. பணியாளர் உணவுக்கூடத்தில், வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளிலிருந்து வந்து வேலை செய்வோருக்கு மூன்று வேளையும் சோறும் பருப்பும் குழம்பும் சமைக்கப்படுகின்றன. தென்னிந்தியாவின் அரிசி, பருப்பு, வெங்காயம், முருங்கை ஆகியவை பெரும்பாலும் இரண்டாவது அடுப்புக்கே உரியவை. இரண்டு அடுப்புக்கும் பொதுவாக நிற்கும் பொருள் முட்டை. காலைச் சிற்றுண்டியில் விருந்தினர் கண்முன்னே ஊற்றப்படும் ஆம்லெட்டும், பேக்கரியின் கேக்கும், பணியாளர் தட்டிலுள்ள அவித்த முட்டையும் ஒரே அட்டையிலிருந்து எடுக்கப்படுபவை.

1981-இல் இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் இந்த வரலாற்றின் அடித்தளம். இந்தியா தன் உள்நாட்டு விலையைக் கருதி ஏற்றுமதிக்குத் தடையோ வரம்போ விதித்திருக்கும் காலத்திலும், குறிப்பிட்ட அத்தியாவசியப் பண்டங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் அளவு வரை மாலத்தீவுக்குச் செல்லலாம் என்பது இதன் சாரம். இந்த அளவே ஒதுக்கீடு எனப்படுகிறது. 2024–25 ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒதுக்கீட்டில் சுமார் 42.75 கோடி முட்டை, 1.24 லட்சம் டன் அரிசி, 1.09 லட்சம் டன் கோதுமை மாவு, 64,494 டன் சர்க்கரை, 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு ஆகியவை இடம்பெற்றன. ஏற்பாடு தொடங்கிய நாள் முதல் அதுவரை அறிவிக்கப்பட்டதில் இதுவே மிக உயர்ந்த அளவு.

இந்த முட்டைக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவின் மக்கள்தொகை 5.15 லட்சம். ஒதுக்கீட்டு முட்டையை அவர்களுக்கு மட்டும் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 830 வருகிறது. எந்த நாட்டின் சராசரி நுகர்வும் அவ்வளவு இல்லை. வருவோர் சராசரியாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் தங்குகிறார்கள் என்று கொண்டால், எந்த நாளிலும் தீவுகளில் ஏறத்தாழ 40,000 விருந்தினர் இருப்பர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று முட்டை என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு நான்கரைக் கோடியைத் தாண்டாது. ஆகவே ஒதுக்கீட்டை நுகர்வின் அளவாகக் கொள்வது பிழை. அது கதவு எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும் எண். அந்த அகலத்தில் அரசியல் நல்லெண்ணத்தின் பங்கும் கணிசமானது. குடும்பங்களின் உணவுப் பாதுகாப்புக்கென்று திறந்த இக்கதவின் வழியாகவே விடுதிகளின் தேவையும் நிறைவேறி வந்திருக்கிறது என்பதுதான் ஆய்வுக்குரிய செய்தி.

கதவு திறந்திருந்தாலும் அதை அடையும் சாலையை அமைத்தது வேறொரு தொழில். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சட்டை தேடித் திருப்பூருக்கு வந்ததையே அந்நகரின் நேரடி ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். மாலத்தீவுக்கு முதல் விருந்தினரை அனுப்பிய நாடும் இத்தாலிதான் என்பது வெறும் தற்செயல். அதற்கு மேல் அதில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவான காலத்தில், கப்பல் புறப்படும் நாளுக்குள் சரக்கு துறைமுகம் சேராவிட்டால் ஆர்டரே கைவிட்டுப்போகும் என்ற அச்சம் ஊரின் அன்றாடப் பேச்சாகியிருந்தது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியில் 1999-இல் தனியார் கண்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியதும், பின்னலாடையும் கடலுணவும் கொடுத்த சரக்கின் பலத்தால் கொழும்புக்கு இணைப்புக் கப்பல்கள் அடிக்கடி ஓடலாயின. சுங்க முகவர், கண்டெய்னர் லாரி, வங்கியின் ஏற்றுமதிக் கடன், பத்திரங்களைப் பிழையின்றி நிரப்பத் தெரிந்த எழுத்தர் என்று ஆடைத் தொழில் உண்டாக்கிய இந்த ஏற்பாடு முழுவதும் முட்டைக்கும் ஆயத்தமாகக் கிடைத்தது.

வானம் பார்த்த பூமியான நாமக்கல்லில் முட்டைக்கோழி வளர்ப்பு 1970-களில் வேரூன்றியது. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றிய பின், நாமக்கல் மண்டலத்துக்கென்று தனிப் பண்ணை விலை அறிவிக்கப்படலாயிற்று. அறிவித்த விலையிலிருந்து வியாபாரி கழித்துக்கொள்ளும் காசுகளை வட்டாரத்தில் ‘மைனஸ்’ என்பார்கள். பண்ணையாளரின் உண்மையான வருவாயைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவே. ஏற்றுமதிக்கான முட்டை எடைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒளியில் காட்டிக் கீறல் பார்க்கப்பட்டு, முப்பது குழிகள் கொண்ட அட்டைகளில் அடுக்கப்படுகிறது. பன்னிரண்டு அட்டைகள் ஒரு பெட்டி. அதாவது 360 முட்டை. நாற்பது அடிக் குளிர்சாதனக் கண்டெய்னர் ஒன்று இத்தகைய பெட்டிகள் 1,300-க்கு மேல் கொள்ளும். மொத்தம் சுமார் 4.72 லட்சம் முட்டை. இந்தக் கணக்கில் மேற்சொன்ன ஒதுக்கீடு முழுவதும் ஏறத்தாழ 900 கண்டெய்னர். எடை, எண்ணிக்கை, இட்ட தேதி ஆகிய மூன்றும் பண்ணை வாசலிலேயே முடிவாகிவிடும் பண்டமாகையால், விடுதியின் கொள்முதல் அதிகாரி அதை நேரில் பார்க்காமலே வாங்க முடிகிறது.

இதன் பலவீனமும் சிறிதன்று. 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நாமக்கல்லின் ஏற்றுமதியும் வளைகுடா நாடுகளின் தடையால் முடங்கியது. இறக்குமதி நாட்டுக்கு மாவட்டம் தெரிவதில்லை, இந்தியா மட்டுமே தெரிகிறது. பெரிய சந்தைகள் இவ்வாறு கதவடைக்கும்போது தீவுச் சந்தை அளவில் சிறிதானாலும் அருகில் இருப்பதால் மதிப்புப் பெறுகிறது. 2023 மார்ச்சில் இலங்கை அரசு வணிகக் கூட்டுத்தாபனம் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இந்திய முட்டையை இறக்குமதி செய்து முதலில் பேக்கரிகளுக்கு வழங்கியதும் இதே வகையைச் சேர்ந்த நிகழ்வு.

கறிக்கோழியின் கதை நேர்மாறானது. பல்லடமும் உடுமலையும் இத்தொழிலின் தாய்வீடு. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பின்னர் ஒப்பந்த வளர்ப்பு முறையைப் பரப்பியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை, கொட்டகையும் உழைப்பும் விவசாயியினுடையவை, அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி என்பது இம்முறை. இருந்தும் மாலத்தீவின் விடுதிகள் உறைந்த கோழியிறைச்சிக்குப் பிரேசிலையே பெரிதும் நம்புகின்றன. காரணம் தொலைவோ மதமோ அன்று. ஹலால் சான்றுடன் பிரேசில் நிறுவனங்களே அனுப்புகின்றன. பல்லடத்துக் கோழி வளர்ப்போ, பறவை உயிருடன் எடை போடப்பட்டு, கூண்டு வண்டியில் இரவோடு இரவாகத் தமிழகம், கேரளக் கடைகளுக்குப் போவதற்கென்று வளர்ந்த தொழில். உள்ளூர் வாடிக்கையாளர் கண்முன் அறுத்த கறியையே விரும்புவதால், வெட்டி உறையவைக்கும் ஆலைகளில் பெருமுதல் போடும் அவசியம் நெடுங்காலம் எழவில்லை. நல்ல உள்ளூர்ச் சந்தை ஏற்றுமதிக்குத் தடையாக நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

காய்கறியைப் பொறுத்தவரை கண்டெய்னருக்கு முந்தைய பாதையே நெடுநாள் நிலைத்தது. தூத்துக்குடியிலிருந்து மாலேக்குச் சுமார் 400 கடல் மைல். கட்டுமானப் பொருளோடு வெங்காயமும் உருளையும் ஏற்றிய மரத்தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஓடுவதில்லை. விடுதிகளில் கூட்டம் நிரம்பும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலமும் தோணி ஓடும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்ததால், இக்குறை பெரிதாகத் தெரியாமல் போயிற்று. ஆனால் கீரையும் தக்காளியும் தோணியில் தாங்கா. அவை விமானத்தில் ஏறும்போது கட்டணம் பண்டத்தின் விலையையே மிஞ்சுகிறது. இக்குறையைப் போக்க 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி, மாலே ஆகியவற்றை இணைக்கும் நேரடிச் சரக்குக் கப்பலை இந்தியக் கப்பல் கழகம் இயக்கியது. 200 கண்டெய்னரும் 3,000 டன் உதிரிச் சரக்கும் ஏற்றக்கூடிய கப்பல் அது. பெருந்தொற்றால் விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்த காலத்தில் தொடங்கிய அது, வணிகத்தைவிட உறவைக் காட்டும் செயலாகவே அமைந்தது.

2024 சனவரியில் இரு நாடுகளின் உறவு கசந்தபோது, மாலத்தீவு அதிபர் முகமது முய்சு இந்தியாவைச் சார்ந்திருப்பதைக் குறைக்கத் துருக்கியிலிருந்து அடிப்படை உணவுப் பொருள்கள் வாங்கும் ஏற்பாட்டை அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா முன்னில்லாத அளவு ஒதுக்கீட்டை அறிவித்தது. மாவும் சர்க்கரையும் துருக்கியிலிருந்து வரலாம். வாரந்தோறும் புதிதாக வேண்டிய முட்டைக்கு அந்தத் தொலைவு ஒத்துவராது.

இந்த ஒதுக்கீட்டால் கொங்கு மண்டலத்து வெங்காய விவசாயிக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தனியே பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 8-இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. மாலத்தீவுக்கான ஒதுக்கீடு விலக்காக நின்றது. எனினும் அவ்வழியில் போவது பெரும்பாலும் மகாராட்டிரத்தில் விளையும் பெரிய வெங்காயம். பல்லடம், பொங்கலூர், தாராபுரம், குண்டடம் பகுதிகளின் சின்ன வெங்காயத்துக்குத் தீவின் விடுதியில் பணியாளர் குழம்பைத் தவிர வேறு இடமில்லை; அதன் உண்மையான வெளிநாட்டுச் சந்தை தமிழர் வாழும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். தடை வரும்போதெல்லாம் விவசாயிகள் வயலோரத்தில் பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமுள்ள நீளமான அடைப்பில் வெங்காயத்தைக் குவித்து மேலே கூரை வேய்ந்து, விலைக்காகக் காத்திருப்பார்கள். 2024 மே 4-இல் தடை நீங்கியபோது டன்னுக்கு 550 டாலர் என்ற குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காடு வரியும் உடன் வந்தன. செப்டம்பரில் அந்த விலை வரம்பு நீக்கப்பட்டு வரி பாதியானது. எஞ்சிய 20 விழுக்காடு 2025 ஏப்ரல் 1-இல்தான் விலக்கப்பட்டது.