வெள்ளணு எண்ணிக்கையின் இரு வரலாறுகள்: பென்சீனும் குளோசபினும்

முன்னுரை

வேதிப்பொருள்கள் மனித உடலில் ஏற்படுத்தும் மாற்றங்களை அளந்தறிய உதவும் அடையாளங்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 1987-இல் இவற்றை மூவகைப்படுத்தியது. உடலுக்குள் நஞ்சு புகுந்ததைக் காட்டுவன, அதன் விளைவைக் காட்டுவன, எளிதில் பாதிப்புறும் இயல்பைக் காட்டுவன என்பன அவை. குருதியின் வெள்ளணு எண்ணிக்கை விளைவைக் காட்டும் வகையைச் சார்ந்தது. தொழிற்கூடக் கரைப்பானாகிய பென்சீன், மனச்சிதைவு நோய்க்குரிய மருந்தாகிய குளோசபின் ஆகிய இரண்டும் இவ்வெண்ணிக்கையைக் குறைக்க வல்லவை. ஒரே குறிப்பான் இவ்விரு களங்களிலும் யாரைக் காத்தது, யாரைக் காக்கத் தவறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிற்கூடத்தில் பென்சீன்

1897-இல் சுவீடனைச் சேர்ந்த சாந்தெசன், மிதிவண்டிச் சக்கர உறை செய்யும் தொழிற்கூடத்தில் பணியாற்றிய இளம்பெண்கள் கடுமையான குருதிச்சோகைக்கு ஆளாகி இறந்ததைப் பதிவு செய்தார். 1910-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், தகரக்குவளைத் தொழிற்கூடப் பெண்களிடம் இத்தகைய நஞ்சேற்றத்தைக் கண்ட செல்லிங், முயல்களுக்குப் பென்சீனைச் செலுத்தி வெள்ளணுக்கள் குறைவதை மெய்ப்பித்தார். அழிக்கும் இவ்வாற்றலே மருந்தாகவும் கருதப்பட்டது. வெள்ளணுக்கள் மிகுதியாகப் பெருகும் குருதிப் புற்றுநோய்க்குப் புடாபெஸ்டின் கொராண்யி 1912-இல் பென்சீனை அளித்தார். ஆனால் 1928-இல் தெலோரும் பொர்கொமானோவும், பென்சீனோடு பணியாற்றிய தொழிலாளி ஒருவருக்கு அதே குருதிப் புற்றுநோய் தோன்றியதை அறிவித்தனர்.

இதனால் குறிப்பானின் எல்லை புலப்பட்டது. எலும்பு மச்சையின் உடனடிச் சிதைவை வெள்ளணு எண்ணிக்கை காட்டும்; பல ஆண்டுகள் கழித்துத் தோன்றக்கூடிய புற்றுநோய்க்கு அது உறுதியான முன்னறிவிப்பு ஆகாது. எண்ணிக்கை இயல்பாக இருப்பது ஆபத்தின்மைக்குச் சான்றாகாது.

மருத்துவமனையில் குளோசபின்

குளோசபின் 1950-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. 1975-இல் பின்லாந்தில் இம்மருந்தை உட்கொண்டவர்களுள் சிலருக்கு வெள்ளணுக்கள் ஏறத்தாழ அற்றுப்போயின, எண்மர் இறந்தனர். பல நாடுகளில் மருந்து கைவிடப்பட்டது அல்லது கட்டுப்படுத்தப்பட்டது. எனினும் பிற மருந்துகளுக்கு இணங்காத நோயாளிகளிடம் 1988-இல் வெளியான ஆய்வில் குளோசபின் பெற்றோருள் 30 விழுக்காட்டினரும், குளோர்புரோமசின் பெற்றோருள் 4 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். இதையடுத்து அமெரிக்கா 1989-இல் ஒப்புதல் அளித்தது. வாரந்தோறும் குருதிச் சோதனை செய்துகொண்டால் மட்டுமே மருந்து வழங்கப்படும் என்பது நிபந்தனை. 1993-இல் வெளியான, 11,555 நோயாளிகளை உட்படுத்திய ஆய்வில் 73 பேருக்கு இப்பாதிப்பு தோன்றியது. அவர்களுள் இறந்தோர் இருவரே.

இங்கு எண்ணிக்கை பயன்பட்டதற்குக் காரணம் தெளிவு. பாதிப்பு பெரும்பாலும் தொடக்க மாதங்களில் வெளிப்படும். மருந்தை நிறுத்தினால் வெள்ளணுக்கள் பொதுவாக மீளும். அடிக்கடி எண்ணுவதும் உடனே நிறுத்துவதும் உயிர் காத்தன.

இயல்பு என்னும் எல்லை

இரு களங்களிலும் சிக்கலுக்கு உரிய இடம் இயல்பு என வகுக்கப்பட்ட எல்லையாகும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையிலான வெள்ளணுக்கள் இயல்பெனக் கொள்ளப்படுகின்றன. 9,000 உடையவர் 5,000-க்குச் சரிந்தாலும் அறிக்கை அவரை நலமுடையவராகவே காட்டும். 2004-இல் வெளியான ஆய்வு, சீனாவின் தியென்சின் பகுதிக் காலணித் தொழிலாளர் 250 பேரை, பென்சீனுக்கு ஆட்படாத 140 பேரோடு ஒப்பிட்டது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்கிற்கும் குறைவான பென்சீனைச் சுவாசித்தோரிடமும் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. இது அமெரிக்கா 1987-இல் வகுத்த சட்ட வரம்பிற்கும் கீழானது. தனியொருவரின் அறிக்கையில் மறைந்துபோகக்கூடிய இச்சரிவு, குழு ஒப்பீட்டால் மட்டுமே வெளிப்பட்டது.

குளோசபின் வரலாற்றில் இதற்கு மாறான பிழை நேர்ந்தது. ஆப்பிரிக்க வழியினர் பலரிடம் டஃபி என்னும் குருதிப்பிரிவு மரபணுவின் வேறுபாட்டால் நியூட்ரோபில் எண்ணிக்கை பிறப்பிலேயே குறைவு, அது நோயன்று. பிறருக்கென வகுக்கப்பட்ட எல்லையைக் கொண்டு அளந்தமையால் அவர்களுக்குத் தேவையான மருந்து மறுக்கப்படவோ நிறுத்தப்படவோ நேர்ந்தது. இத்தகையோர்க்கெனத் தனி எல்லையை அமெரிக்க மருந்து நிருவாகம் 2015-இல்தான் வகுத்தது. அறிக்கை அளித்தாலன்றி மருந்தில்லை என்னும் கட்டாயத் திட்டம் 2025-இல் நீக்கப்பட்டது. கண்காணிப்புக்கான பரிந்துரை தொடர்கிறது.

முடிவுரை

நலமிழந்தவரை நலமுடையவர் எனவும், நலமுடையவரைப் பாதிப்புற்றவர் எனவும் ஒரே குறிப்பான் காட்டியுள்ளது. அளவீட்டின் பிழையன்று இது. எவருடைய உடலை அளவுகோலாகக் கொண்டனர் என்பதன் விளைவு. மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. மருத்துவமனையில் எண்ணிக்கை குறைந்தால் விலக்கப்படுவது மருந்து. தொழிற்கூடத்திலோ முதலில் விலக்கப்படுபவர் தொழிலாளி. காற்றிலுள்ள பென்சீனைக் குறைக்காவிடின் அவரிடத்தில் மற்றொருவர் வந்து நிற்பார். ஆகவே உயிர்க்குறிப்பானின் பயனை அதன் நுட்பத்தால் மட்டுமன்றி, அது எச்சரித்தபின் எது அகற்றப்படுகிறது என்பதாலும் மதிப்பிடுதல் வேண்டும்.