ஏபி வகுப்புப் பெருக்கிகளில் தன்னியக்கச் சார்பும் அதன் கணினி உருவகப்படுத்தலும்

ஏபி வகுப்புத் திறன் பெருக்கியின் வெளியீட்டில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. பொறுப்பு கைமாறும் இடத்தில் அலை சிதையாதிருக்க, உள்ளீட்டில் சைகை இல்லாத வேளையிலும் இரண்டின் வழியாகவும் ஓய்வு மின்னோட்டம் எனப்படும் சிறு மின்னோட்டம் பாய வேண்டும். அதை அளவாக நிறுத்திவைக்கும் ஏற்பாடே சார்பளித்தல். ஹியூலெட்-பேக்கார்டைச் சேர்ந்த பார்னி ஆலிவர் 1971-இல் காட்டியபடி, உமிழ்ப்பான் மின்தடை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 26 மில்லிவோல்ட் நிற்கும்போது இந்தத் திரிபு மிகக் குறைகிறது. மின்தடை 0.22 ஓம் என்றால் ஓய்வு மின்னோட்டம் 118 மில்லிஆம்பியர் அளவில் அமையும். ஆனால் டிரான்சிஸ்டரின் அடிவாய்-உமிழ்ப்பான் மின்னழுத்தம் ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் சரிவதால், 50 பாகை சூடேறினால் இலக்கைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பிழை சேர்ந்துவிடுகிறது.

ஆர்சிஏவின் எச். சி. லின் 1956-இல் வெளியிட்ட பெருக்கி அமைப்புக்குப் பின்வந்த பல வடிவமைப்புகள், ஹீட்சிங்க்கில் பொருத்திய டயோடையோ சிறு டிரான்சிஸ்டரையோ கொண்டு இப்பிழையை ஈடுகட்டின. இம்முறை மின்னோட்டத்தை அளப்பதில்லை, வெப்பத்தைக் கொண்டு அதை ஊகிக்கிறது. ஊகிக்கும் வெப்பமும் டிரான்சிஸ்டரின் உள்ளிருக்கும் சந்தியினுடையதன்று, பின்தங்கிச் சூடேறும் ஹீட்சிங்க்கினுடையது. 1975-இல் வந்த குவாட் 405, பெருமின்னோட்டம் தரும் டிரான்சிஸ்டர்களுக்குச் சார்பே அளிக்காமல் சிக்கலை விலக்கியது. 1990-களில் லீனியர் டெக்னாலஜி வெளியிட்ட எல்டி1166 என்னும் தன்னியக்கச் சார்புச் சில்லு எதிர்த்திசையில் சென்று, இரு பக்க மின்னோட்டங்களையும் நேரடியாக உணர்ந்து அவற்றின் பெருக்கற்பலனை மாறாமல் வைத்தது. கூட்டுத்தொகையை நிலைநிறுத்தும் சுற்று, ஒரு பக்கம் சில ஆம்பியர் ஏறியவுடன் சார்பு மிகுந்துவிட்டதாகக் கருதி அதைக் குறைத்து, ஓய்ந்திருக்கும் பக்கத்தை முற்றாக அணைத்துவிடும். பெருக்கற்பலன் விதியிலோ அந்தப் பக்கத்தின் மின்னோட்டம் குறையுமே தவிர அறுவதில்லை.

இத்தகைய நேரிலா விதிகளைக் கையால் கணக்கிடுவது கடினம். பெர்க்லியில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ் மென்பொருள் அந்தச் சுமையை நீக்கியது. எல்டி1166-ஐத் தந்த நிறுவனமே பின்னர் எல்டிஸ்பைஸ் மென்பொருளை இலவசமாக வழங்கியதால், வீட்டு மேசையிலும் இவற்றை இயக்கிப் பார்க்க முடிந்தது. எனினும் ஸ்பைஸின் வழக்கமான டிரான்சிஸ்டர் மாதிரி, ஓட்டம் முழுவதும் ஒரே வெப்பநிலையை, வேறு குறிப்பிடாவிட்டால் 27 பாகை செல்சியஸை, எடுத்துக்கொள்கிறது. தன்னியக்கச் சார்பு எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததோ அக்குறையே திரையில் தோன்றாததால், மோசமான டயோடு ஈடும் நல்ல கட்டுப்பாட்டுச் சுற்றும் ஒன்றுபோலவே தேறிவிடுகின்றன. இதை அறியாமல் ஒப்பிடும் வரைபடங்களுக்கு மதிப்புக் குறைவே.

இதற்கு வெப்பத்தையும் ஒரு மின்சுற்றாக எழுதுவது வழி: டிரான்சிஸ்டரில் வீணாகும் திறன் மின்னோட்டமாகவும், வெப்பநிலை மின்னழுத்தமாகவும், வெப்பத்தடை மின்தடையாகவும், வெப்பக் கொள்ளளவு மின்தேக்கியாகவும் கொள்ளப்படும். கிடைக்கும் வெப்பநிலை உயர்வை 2 மில்லிவோல்ட்டால் பெருக்கி, அடிவாயோடு தொடராக இணைத்த மின்னழுத்த மூலத்தின் வழியே சுற்றுக்குத் திருப்பலாம். 1995-இல் வெளிவந்த விபிக் என்னும் டிரான்சிஸ்டர் மாதிரி இந்தத் தன்வெப்பமேற்றத்தைத் தன்னுள்ளேயே கொண்டது.

இதன் பிறகும் காலஅளவு முரண்டுபிடிக்கிறது: 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சிக்கு 50 மைக்ரோவினாடி போதும், ஹீட்சிங்க் நிலைபெறப் பல நிமிடங்கள் வேண்டும். ஹீட்சிங்க்கின் கொள்ளளவைச் செயற்கையாகக் குறைத்தால் ஓட்டம் விரைவில் முடியும். ஆனால் சந்தி முந்தி ஹீட்சிங்க் பிந்தும் வரிசை குலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்ளளவைத் தொடாமல், சூடான நிலையின் வெப்பநிலைகளைத் தொடக்க மதிப்புகளாகக் கொடுப்பதே பெரும்பாலும் நம்பத்தக்கது. கட்டுப்பாட்டு வளையத்தின் உறுதிநிலைக்கும் சிறுசைகைப் பகுப்பாய்வு மட்டும் போதாது; அது ஓய்வுப் புள்ளியைச் சுற்றியே பார்க்கிறது, வளையத்தின் பெருக்கமோ சைகையோடு மாறுகிறது. வெளியீடு உச்சத்தில் வெட்டுப்பட்டு மீளும் கணத்தில் சார்பு எவ்வளவு துள்ளுகிறது என்பதை நேரவழி ஓட்டம்தான் காட்டும்.