பறக்கும் தட்டும் அரசாங்கத்தின் பதிலும்



பால்மரம் சீவப் போன நம் தாய்மார்களுக்கு விடிவெள்ளியை நன்றாகத் தெரியும். கடிகாரம் இல்லாத லயங்களில் அதைப் பார்த்துத்தான் பலர் பெரட்டுக்குக் கிளம்பினார்கள். அதே வெள்ளி ஒரு நாட்டின் இராணுவத்தைப் பல மாதம் கலங்க வைத்தது. அதற்கு முன் வேறொரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1947-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, அமெரிக்காவின் ரோஸ்வெல் விமானப்படைத் தளம், பறக்கும் தட்டு ஒன்று தன் கைக்கு வந்திருப்பதாக அறிவித்தது. பத்திரிகைகள் பரபரத்தன. சில மணி நேரத்திலேயே ஒரு தளபதி, அது வெறும் வானிலை பலூன் என்றார். மேய்ச்சல் நிலத்தில் கிடந்தவை மினுங்கும் ஈயத்தாள், குச்சிகள், ரப்பர் துண்டுகள். (நம் தோட்டத்துப் பால் அல்ல, செயற்கை ரப்பர்.)

பலூன் என்பது உண்மை. எதற்கான பலூன் என்பதுதான் மறைக்கப்பட்டது. சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தால், அந்த ஓசையை மேல்வானில் ஒட்டுக்கேட்பதற்காக 'மோகல்' என்ற இரகசியத் திட்டத்தில் விட்ட பலூன் வரிசை அது. விமானப்படை இதை வெளியிட்டது 1994-இல். 47 ஆண்டுகள்! அதற்குள் வேற்றுலக மனிதர்களும் அவர்களுடைய பிணங்களும் கதைகளில் நிறைந்துவிட்டன. பிறகு உண்மையைச் சொன்னபோது பலர் அதையும் நம்பவில்லை.

1955-இல் யூ-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் அன்று 20,000 அடிக்குள்தான் பறந்தன. கீழே இருட்டிய பிறகும் மேலே வெயில் பட்டு அதன் இறக்கைகள் மின்னும். விமானிகள் கண்டதை எழுதி அனுப்பினார்கள். விவரம் அறிந்த அதிகாரிகளோ பனித்துகள் என்றும் வெப்பநிலை மாற்றம் என்றும் பதில் சொன்னார்கள். சி.ஐ.ஏ.வின் ஆய்விதழிலேயே 1997-இல் இது வெளிவந்தது. உளவு விமானத்தைப் பற்றி விளக்க முடியாதுதான். பகைவன் காதிலும் விழுமே! ஆனால், "இப்போது சொல்வதற்கில்லை" என்று நிறுத்தியிருக்கலாம். பொய்க்காரணம் எதற்கு?

இனி விடிவெள்ளிக்கு வருவோம். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் சீன எல்லையில் இந்தியச் சிப்பாய்கள் 329 முறை மர்ம வெளிச்சங்களைக் கண்டதாகப் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவுக் கருவியோ என்று ஐயம். 1962-இல் போர் நடந்த எல்லை அல்லவா? செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில், பறக்கும் தட்டுக்கு உறுதியான சான்று இல்லை என்ற அளவில் பதில் தந்தார். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரிடம் இராணுவம் கேட்டது. விண்மீன்களோடு ஒப்பிட்டு, அந்த வெளிச்சங்கள் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ந்தார்கள். ஒன்று வியாழன், மற்றது வெள்ளி!

சிப்பாய்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அத்தனை உயரமான மலையில் காற்று மெல்லியது. கோள்கள் அதிகமாகவே ஒளிரும். ஆனால் கண்ட மணியையும் திசையையும் முதல் வாரமே வானொலியில் சொல்லி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தால், விடியுமுன் எழுந்து பழகிய பாட்டி ஒருத்தி இரண்டில் ஒன்றையாவது அன்றைக்கே சொல்லியிருப்பாள்.